கவிழ்த்துப் பார்த்து வாங்கிய சைக்கிள்

தராசு என்ற பெயரை நான் முதலில் கேட்டது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், என் நாத்தனார் வீட்டில், ஒரு பெட்டியின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து அதை மூடப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது. நாத்தனாரின் மூத்த பிள்ளை விமானம் ஏற வேண்டும். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போனால் பெட்டியை எடுக்க மாட்டார்கள். "தராசைக் கூப்பிடுங்கடா" என்றாள் நாத்தனார். ஏதோ இரும்புச் சாமானைத் தூக்கி வருவார்கள் என்று நான் காலை மடக்கி வழி விட்டேன். வந்தது சின்ன மருமகள். கல்யாணமாகிப் பத்து நாள்தான். ஆஸ்பத்திரியில் வைத்த பட்டப்பெயர் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கினாள், கண்ணை மூடினாள். "இருபத்திரெண்டு எண்ணூறு. இன்னும் ஒரு துண்டு வைக்கலாம்." விமான நிலையத்திலிருந்து பிள்ளை போன் செய்தான். இருபத்திரண்டு எண்ணூறு.

பிரசவ வார்டில் நர்ஸ் அவள். முப்பத்தோரு வருஷமாகப் பிறந்த பிள்ளையை முழங்கை மடிப்பில் வாங்கி, எடை மெஷினில் வைக்கும் முன்பே எடையைச் சொல்லி வருகிறாள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சர்க்கரைப் பொட்டலம், தபாலில் வந்த பார்சல், பக்கத்து வீட்டுப் பூனை, எதுவும் தப்பாது. அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "என்னைத் தூக்காத வரைக்கும் சரி" என்பார்.

ஐம்பது வயதில் அவளுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. வருஷத்துக்கு ஒருநாள் காலையில் ஒரு கூட்டம் மலைச்சாலையில் சைக்கிளில் ஏறும். ஒன்பது மணிக்குள் உச்சியில் இருக்கும் கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும். தாண்டாதவர்களைச் சைக்கிளோடு லாரியில் ஏற்றி, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். மூன்று வருஷமாக இவளுக்கு லாரிதான். போன வருஷம் ஆறே நிமிஷத்தில் கேட் தவறிப்போயிற்று. மூச்சுக்கும் காலுக்கும் குறைவில்லை. உச்சிக்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் சாலை பெயர்ந்து கிடக்கும். அவளுடைய பழைய சைக்கிளில் ஒவ்வொரு கல்லும் கைப்பிடி வழியாக ஏறி வந்து உள்ளங்கையில் குசலம் விசாரிக்கும். விரல் மரத்துப்போய், இறங்கி நின்று கையை உதறுவாள். நர்ஸுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? "இந்த வருஷமும் லாரின்னா சைக்கிளை வித்துடறேன்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அதுவரை "லாரியில நல்ல இடமாப் பிடிச்சியா" என்று கிண்டல் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரர் அதை விட்டுவிட்டு, அடுத்த லீவு நாளில் அவளைக் கடைக்கு அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்க நானும் நாத்தனாரும் தொற்றிக்கொண்டோம்.

சக்கரம் இல்லாத வெறும் பிரேம்கள் சுவர் முழுக்கத் தொங்கின. கடைக்காரர் அவள் கால் நீளம், கை நீளம் அளந்து, பொருந்தாததையெல்லாம் ஒதுக்கி, நாலைந்தை இறக்கி வைத்தார். பெரிய கம்பெனியின் கார்பன் பிரேமை நீட்டினார். அவள் அதை முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டாள்.

"தொள்ளாயிரம் கிராம். குறைமாசம்."

அடுத்தது அலுமினியம். "ஆயிரத்து முன்னூறு. இதுவும் குறைமாசம்."

எஃகு. "ஒண்ணு தொள்ளாயிரம். வீட்டுக்கு அனுப்பலாம், ஆனா அடிக்கடி பால் குடுக்கணும்."

"தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றாள் நாத்தனார். கடைக்காரர் பின்பக்கம் போய்த் தன் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் எடையை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"கார்பன் லேசும்மா, அதிர்வையும் வாங்கிக்கும். ஆனா எங்கேயாவது இடிச்சு உள்ளே கீறல் விட்டா வெளியே தெரியாது."

"அந்த மாதிரி கேஸெல்லாம் வார்டுலயே போதும்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

அலுமினியத்தைக் கவிழ்த்தாள். குழாயும் குழாயும் சேரும் இடத்தை மழமழவென்று தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தது. "தையலை ஏன் மறைச்சிருக்காங்க?"

"அழகுக்கும்மா."

"நல்ல தையலை எதுக்கு மறைக்கணும்?"

எஃகு மலையேறக் கனம் என்று அவளே ஒதுக்கினாள். கடைசியாக டைட்டானியம். பெயின்ட் கிடையாது, சாம்பல் நிறம். கப்பல் குழாய்களுக்கு வெல்டிங் செய்துவந்த ஒருவர் தனியாகப் பட்டறை போட்டுச் செய்வது. "ஒண்ணரை" என்றாள், குரல் கொஞ்சம் குழைந்தது. வீட்டுக்காரர் முன்பக்கத்தைக் காட்டி, "அழகாத்தானே இருக்கு?" என்றார். "முகத்துல எவனும் நல்லாத்தான் தைப்பான். முதுகைக் காட்டுங்க" என்று அதையும் கவிழ்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அடுக்கிய சில்லறைக் காசு போல வெல்டிங் சீராக ஓடியது. பெடல் மாட்டும் இடத்துக்கு அடியில் மட்டும் ஒரு காசு எகிறி நின்றது. "செஞ்சவர் நம்பர் குடுங்க."

போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். "பெடலுக்குக் கீழே ஒரு இடத்துல கை குதிச்சிருக்கே, என்ன ஆச்சு?"

"நீங்க யாரும்மா?"

"நர்ஸ்."

"விக்கல்மா."

"நிறுத்தித் தண்ணி குடிக்க வேண்டியதுதானே?"

"பாதியில கையை எடுத்தா காத்து பட்டு அந்த இடமே கெட்டுடும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முடிச்சேன். பலத்துல குறை இல்லை, அழுத்தி முறுக்கிப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். பார்க்க நல்லாயில்லைன்னா வேற செஞ்சு தரேன். நாலு மாசம் ஆகும்."

மலையேற்றத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். "என்னைப் பார்க்காதே. தையல் தெரிஞ்சவ நீ" என்றார் அவர். கையை எடுத்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் இதைக் கேட்டாங்க?"

"ஒருத்தரும் கேக்கலை. நானாச் சொல்லியிருக்கணும். சொல்லலை, தப்புதான்."

"கல்லு ரோட்டுக்கு அகல டயர் போட இடம் இருக்கா?"

"தாராளமா இருக்கு."

"அப்ப சரி" என்று போனை வைத்தாள். "இதையே மாட்டிக் குடுங்க. எங்க வார்டுல டாக்டருங்ககூட இப்படி ஒத்துக்க மாட்டாங்க." நாத்தனார், "பார்த்துப் பார்த்துக் கடைசியில விக்கல் எடுத்ததை வாங்கறாளே" என்று என் தோளில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். சிரிக்காதவள் தராசு மட்டும்தான். பிரேமை முழங்கையிலிருந்து இறக்க மனமில்லாமல் நின்றாள்.

இன்று காலை மலையடிவாரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதே முக்காலுக்கு லாரி இறங்கி வந்தது. வீட்டுக்காரர் ஒரு கப் டீயை ஊற்றிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்த பதினோரு முகங்களையும் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து இன்னொரு தரம் பார்த்தார். டிரைவர் தலையை நீட்டி, "அக்கா எங்க சார்? அவங்களுக்குன்னு முன்சீட்டைக் காலியா வெச்சிருந்தேனே" என்றான். வீட்டுக்காரர் டீயை அவன் கையில் கொடுத்தார்.

தராசு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.