சர்க்கரை அட்டை வீடு

எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது சர்க்கரை அட்டை. ரேஷனில் அரிசி வேண்டாம், அதற்குப் பதில் சர்க்கரையைக் கூடக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கான அட்டை அது. அட்டை போடும்போது அவருடைய கணவர் உயிரோடு இருந்தார். "எங்க ஊட்டுல யாருங்க அந்த அரிசியத் திங்கறது?" என்று கேட்டு வாங்கினாராம். புதிதாகக் குடிவரும் ஒவ்வொருவருக்கும் அம்மா இதைச் சொல்லிவிடுவார். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் அவர் வீடும், அதை ஒட்டி வரிசையாக லைன் வீடுகளும். அந்த வாடகைதான் அவருக்கு வருமானம். நாங்கள் கடைசி வீடு. தெற்கே கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பனியன் கம்பெனியில் நான் செக்கிங், என் கணவர் டெய்லர். எங்களுடையது அரிசி அட்டை. அதை ஊரிலிருந்து இங்கே மாற்ற நான் பெரிய சண்டையே போட்டேன். சொந்த ஊரில் பேர் இருக்க வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நின்றார். பேர் அங்கே இருக்கட்டும், வயிற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். அடுத்த மாதம் அட்டை மாறியது.

ரேஷனில் வாங்குகிற அரிசியைத்தான் தின்றோம். அம்மாவுக்கு அது பொறுக்காது. கோபமாகச் சொல்லமாட்டார். இந்த ஊர்க்காரர்களுக்குத் திட்டுவதற்கும் 'ங்க' வேண்டும். "ஏனுங்க, அந்தச் சோறு ஆக்கறப்ப சன்னலக் கொஞ்சம் சாத்திக்குங்க, காம்பவுண்டே நாறுதுங்க" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த பிறகு, பாத்திரம் தேய்க்கும்போது, அருமையான பதில் ஒன்று கிடைத்தது. கேட்டால் மனுஷி நாக்கைப் பிடுங்கிக்கொள்வார். வீடு காலி செய்யும் அன்றைக்குச் சொல்லலாம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மற்றபடி கை தாராளம். நோம்பி, பண்டிகை நாளில் பொங்கலோ பாயசமோ மூடி போட்ட தூக்குப்போசியில் போட்டுக் கொடுப்பார். கொடுப்பார், வாங்கமாட்டார். எங்கள் வீடுகளில் ஆக்கிய எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று கழுவி, எலுமிச்சம்பழமோ ஒரு பிடி முருங்கைக் கீரையோ போட்டுக் கொடுப்போம். ஆக்காத பொருள் என்றால் வாங்கிக்கொள்வார்.

கொரோனா வந்து கம்பெனிகளைப் பூட்டினார்கள். லைன் வீடுகளில் பாதிப் பேர் கிடைத்த வண்டியில் ஊருக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் யாரும் வாடகை கொடுக்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. கையில் கொஞ்சம் பணம், அந்த மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இலவசம். டோக்கன் வாங்கி, ரேஷன் கடை வாசலில் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, பையோடு திரும்பினேன். அம்மா கேட் பக்கத்தில் நின்று பையைப் பார்த்தார். எல்லார்த்துக்குமே தர்றாங்களா என்று கேட்டார். எல்லா அட்டைக்கும் தருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன், அப்படியே சொன்னேன்.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பினார். பையில் சர்க்கரை மட்டும் இருந்தது. அரிசி அட்டைக்குத்தான் பணமும் அரிசியும் என்று கடைக்காரர் ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம். பின்னால் நின்ற பக்கத்துத் தெருக்காரர்தான் எங்களிடம் சொன்னார்.

அப்புறம் ஒரு வேனில் நாலைந்து பேர் அரிசிப் பை கொண்டுவந்தார்கள். அட்டை ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வீடு வீடாகக் கொடுத்தார்கள். அம்மாவைப் பார்த்து, நீங்கதான் ஓனருங்களா என்று கேட்டார்கள். ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லைன் வீட்டில் எதையும் மறைக்க முடியாது. எந்த வீட்டுக் குக்கர் எப்போது கூவுகிறது என்பது எல்லாருக்கும் அத்துப்படி. அம்மா வீட்டுக் குக்கர் சத்தத்தைக் கேட்டுச் சில நாளாகிவிட்டது என்று எனக்கு உறைத்தபோது, நான் அவர் வீட்டுச் சன்னலை ஒட்டித் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். சேவூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த மகளிடம். தோட்டம் துரவு உள்ள குடும்பம். "அரிசி கெடக்குது கண்ணு, மூட்டையோட கெடக்குது. மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் கேக்காத சாமி" என்றார். சமையல்கட்டு எனக்கு நேராகத் தெரிந்தது. மேடை மேல் ஒரு பொரிப் பையும் டீ டம்ளரும் இருந்தன. மூட்டை எதுவும் இல்லை.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம்தான். பசியில் கிடந்தாலும் கிடப்பேன், சம்பந்தி வீட்டில் தலை குனியமாட்டேன் என்று இது என்ன வீம்பு? இரவு கணவரிடம் புலம்பினேன். ரெண்டு கரண்டி சோறு குடுத்துட்டு வா என்றார். வாங்க மாட்டாங்க என்றேன். பட்டினி கிடந்து செத்தாலும் வாங்கமாட்டாரா என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

லாக்டவுனுக்கு முன்னால் பொங்கல் கொடுத்த போசி எங்கள் வீட்டிலேயே இருந்தது. காலையில் அதில் ரேஷன் அரிசியைப் போட்டேன். கல், குறுணை போகப் புடைத்துத்தான் போட்டேன். ஆனாலும் அந்தக் கொட்டை அரிசியைப் பார்த்தால் பிறந்த குழந்தைக்கும் தெரிந்துவிடும். முகத்தில் விட்டெறிந்தால் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு இன்றைக்கே வீட்டைக் காலி பண்ணிவிட வேண்டியதுதான் என்று நடந்தேன்.

"உங்க போசி, அம்மா. ரொம்ப நாளா எங்ககிட்டயே கெடக்கு."

மூடியைத் திறந்தார். அரிசியைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு, என்னைப் பார்க்காமல், சன்னமான குரலில் கேட்டார்:

"இதுக்கு எத்தன தண்ணி வெக்கோணுங்க?"

சொன்னேன். நாலைந்து தண்ணீரில் கழுவி ஊறப் போடுங்கள், குக்கரில் வைக்காமல் கஞ்சியை வடித்துவிடுங்கள், வாடை வராது என்றேன். தலையாட்டினார். மதியம் காம்பவுண்டு முழுக்க அடிப்பிடித்த வாடை அடித்தது. யாரும் சன்னலைச் சாத்தவில்லை.

நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு வாசலில் நிழலாடியது. அம்மா. கையில் அதே போசி. கழுவித் துடைத்து, பளபளவென்று, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"வெறும் போசிதானுங்க. போட்டுக் குடுக்க ஒண்ணுமில்லீங்க" என்றார். "எனக்கு வடிக்க வரலீங்க, கருகிப் போச்சு. உங்க ஊட்டுச் சோறு இருந்தா…"

போசியில் போட்டுத் தர எனக்கு மனம் வரவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லித் தட்டு வைத்தேன். என் கணவர் எழுந்து இடம் விட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்கே சொந்தமான அந்த வீட்டுக்குள், எங்களைக் குடிவைத்த பிறகு முதல்முறையாக வந்து தரையில் உட்கார்ந்தார். பருப்புக் குழம்பு ஊற்றினேன். முதல் வாயை மெதுவாக மென்றார். அடுத்த வாய் வேகமாகப் போனது.

"நாத்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார், தட்டை விட்டுத் தலை நிமிராமல்.

அத்தனை காலம் வைத்திருந்த பதில் அப்போது நாக்கு நுனியில்தான் இருந்தது. இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.