வெறும் வண்டி ஆவாது

பேய், காத்து, கருப்பு எதையும் நம்பாதவன் நான். இத மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் நீங்க சிரிச்சாலும் எனக்குக் கவலையில்ல. எங்க வூட்டுல பள்ளிக்கூடப் படியேறின மொத ஆள் நான்தான், மெக்கானிக்கல் டிப்ளமோ வரைக்கும் படிச்சேன், உச்சி வெயில்ல ஏரிக்கரைப் பக்கம் போவாதன்னு யாராவது சொன்னா ஏன், எதுக்குன்னு நிக்க வெச்சிக் கேக்கிற ஆளு. இந்த ஒண்ணுக்கு மட்டும் யாரக் கேக்கிறதுன்னு தெரியல.

கிருமாம்பாக்கத்துக்கு உள்ளாற, கரும்புக் கொல்லைய ஒட்டி ஒரு தகர ஷெட்டு. அதுல நானும் என் சிநேகிதன் அந்தோணியும் பீரங்கி வண்டி செய்யறோம். நெசமாத்தான். டவுன்ல வெள்ளைக்காரன் காலத்து வூடுங்கள ஓட்டலா மாத்துறாங்க இல்ல, அங்க உள்ள நுழைஞ்சதும் பழைய பீரங்கி மாதிரி ஒண்ணு நிக்கணும்னு கேப்பாங்க. குழாய் வெளியிலேர்ந்து வரும், பைபர்ல செஞ்சி வெண்கலக் கலர் அடிச்சது, சின்னப் புள்ள கூட தூக்கிடும். அதத் தாங்குற வண்டிதான் எங்க வேல. பழைய படத்தப் பாத்து அளவ மூணுல ஒரு பங்கா சுருக்கி நான் வரைவேன், கருவேல மரத்துல ஆரக்காலும் சட்டமும் செதுக்கிச் சேப்பேன், அந்தோணி இரும்புல அச்சு அடிச்சி, பட்டைய காய்ச்சி சக்கரத்துல ஏத்துவான். முழங்கால் ஒசரம்தான், ஒரு கையால உருட்டலாம்.

எங்க அப்பா, நைனா, ரொம்ப காலம் கரும்பு வண்டி ஓட்டினவரு. போன வருஷம் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சி. ஆஸ்பத்திரியில, இனிமே இங்க வெச்சி ஒண்ணும் ஆவப்போறதில்ல, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாங்க. அம்மா அரியாங்குப்பத்துக்கு வூட்டு வேலைக்குப் போயிடும், அதனால பகல்ல நைனாவ ஷெட்டுலயே கயித்துக் கட்டில் போட்டுப் படுக்க வெச்சிருந்தேன். செல்லுல பாத்து தெனமும் அந்தக் கையயும் காலயும் மடக்கி நீட்டி விடுவேன். ஒண்ணும் திரும்பல. கஞ்சி எறங்குறதும் கொறஞ்சிகிட்டே வந்துச்சி. நான் பெருசா எதுவும் கேக்கல, அவரு ஒரு தடவ எழுந்து உக்காந்தா போதும்னு இருந்தேன்.

அப்ப டவுன்ல ஒரு ஓட்டலுக்கு வண்டி ஒண்ணு செஞ்சிகிட்டிருந்தோம், அதுக்கு சக்கரம் மாட்டி மொதமொத உருட்டிப் பாத்த அன்னைக்கு, நைனா நல்லா இருக்கிற கையத் தூக்கி என்னமோ சொன்னாரு. வாய் கோணிகிட்டதால எதுவும் தெளிவா வராது. கிட்டப் போயி காது குடுத்தேன்.

“வெறும் வண்டி... ஆவாது.”

புது வண்டிய மொத தடவ வெறுமையா உருட்டக்கூடாதும்பாரு, ஒரு மூட்டை உப்பாவது ஏத்திகிட்டுத்தான் நகத்தணும், இல்லன்னா வண்டி தானா ஒரு பாரத்தத் தேடிக்கும்னு வண்டிக்காரங்ககிட்ட ஒரு பேச்சு உண்டு. அதத்தான் சொல்றாரு.

“இது வண்டி இல்ல நைனா, பொம்மை. இதுல இன்னாத்த ஏத்துறது? வேணும்னா நீ எழுந்து வந்து ஏறி உக்காரு.”

“அய்ய, மாமா ஏறினா சக்கரம் பிச்சிக்கும்டா, என் வெல்டிங் மானம் போயிடும்”னான் அந்தோணி.

நைனா சிரிச்சாரு. பாதி வாயிலதான். அவரு சிரிச்சி நான் பாத்தது அதான் கடைசி.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. அந்தோணி கோயிலுக்குப் போயிட்டான். நான் ரெண்டு சக்கரத்தயும் கழட்டி பெயின்ட் அடிச்சி, செவுத்து ஆணியில காயப் போட்டேன். வண்டி, செங்கல்லு மேல சக்கரம் இல்லாம நிக்குது. இத நல்லா ஞாபகம் வெச்சிக்குங்க. தின்னர் தீந்து போச்சி, நைனா தூங்குறாரு, சட்டுனு வாங்கிட்டு வந்துடலாம்னு ரோட்டுக்கடைக்குப் போனேன். நல்ல பகல், வெயில் சுள்ளுன்னு அடிக்குது, முந்தின ராத்திரி பேஞ்ச மழையில ஷெட்டுக்கு முன்னால மண்ணு மட்டும் இன்னும் ஈரம்.

திரும்பி வந்தப்ப நைனா போயிட்டாரு. படுத்தது படுத்தபடிதான், மொகம் மட்டும் வாசப்பக்கம் திரும்பி இருந்துச்சி. கட்டில்கிட்டயே தரையில உக்காந்துட்டேன். அப்பதான் பாத்தேன், மரத்தூள் மேல சக்கரத் தடம். கட்டில் வரைக்கும் வந்து, வளைஞ்சி, திரும்ப வாசலுக்குப் போயிருக்கு.

செத்த வூட்டுல எவனாவது அளவுக்குச்சி எடுப்பானா? எடுத்தேன். ஏன்னு கேக்காதீங்க. அந்த வண்டியோட ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய அகலத்துக்கு நானே வெட்டி வெச்ச குச்சி. தடத்து மேல வெச்சா கச்சிதமா உக்காருது. நிமுந்து செவுத்தப் பாத்தேன். சக்கரம் ரெண்டும் ஆணியிலயே தொங்குது, தொட்டா பெயின்ட் கையில ஒட்டுது, ஒரு தூசி தும்பு அதுல இல்ல.

நம்பினா நம்புங்க, பயம் அப்பக்கூட வரல. வெளிய போயி ஈர மண்ணப் பாத்தப்பதான் வந்துச்சி. வர்ற தடம் சும்மா கோடு கிழிச்ச மாதிரி மேலாப்புல இருக்கு. போற தடம் ஒரு விரல் ஆழத்துக்கு அமுந்து இருக்கு. மாட்டுக் குளம்பு இல்ல, மனுஷக் காலடின்னு பாத்தா என்னுது மட்டும்தான். தார் ரோடு வரைக்கும் போயிருக்கு, அதுக்கப்புறம் தெரியல.

அந்தோணி வந்தான். தடத்த ரொம்ப நேரம் பாத்தான், நெத்தியில செலுவ போட்டுகிட்டான்.

“வரும்போது வெறும் வண்டிடா”ன்னான்.

கொஞ்ச நேரத்துல ஜனம் கூடிடுச்சி, எல்லாம் மிதிபட்டுப் போச்சி. செல்லு என் பாக்கெட்லயேதான் இருந்துச்சி, ஒரு போட்டோ எடுக்கத் தோணல.

காரியம் முடிஞ்சி, சக்கரத்த மாட்டி வண்டிய டெம்போவுல ஏத்துறப்ப எங்க ரெண்டு பேரால தூக்க முடியல, டிரைவரும் கை குடுத்தாரு. நாங்க சரியா சாப்பிடல, ஒடம்புல தெம்பு இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்பல்லாம் புது வண்டி எதுவானாலும் அந்தோணி மொதல்ல ஒரு உப்புப் பாக்கெட்ட அதும்மேல வெச்சிட்டுத்தான் உருட்டுவான்.

போன மாசம் அந்த வண்டிய வாங்கின ஓட்டல்லேர்ந்து கூப்பிட்டாங்க. பீரங்கிய வேற மூலைக்கு மாத்தணுமாம், நாலு பேரு தள்ளியும் நகரலயாம், அச்சு துருப்பிடிச்சிப் போச்சி, இன்னா வேல செஞ்சிருக்கீங்கன்னு மேனேஜர் சத்தம் போட்டாரு. போயி ஜாக்கி வெச்சித் தூக்கி சக்கரத்தச் சுத்தினேன். சத்தமே இல்லாம சுத்துது, போட்ட கிரீஸ் அப்படியே இருக்கு. ஜாக்கிய எறக்கினேன். பைபர் குழாயும் கொஞ்சம் மரமும் இரும்பும், அவ்வளவுதான் அதுல. தள்ளினேன், அசையல.

அது இருந்த எடத்துலயே இருக்கட்டும் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். அச்சுல ஒரு கொறையும் இல்ல. பாரம் இன்னும் எறங்கல.