தோற்றால் மூடாதே

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனை அண்ணியுடையது. குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், சார்ஜரின் வயர் எட்டும் ஒரே இடம் அதுதான். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போவார். மற்ற இரண்டு நாள் அந்த முனையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். அம்மா தட்டு வைக்க வந்தால் லேப்டாப்பை ஒரு சாண் தள்ளுவார், தட்டு போனதும் ஒரு சாண் இழுப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை.

மகள் பிறந்த பிறகு எட்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டுக் கிடைத்த வேலை இது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த ஆறு மாதம் முடியும் தறுவாயில் இருந்தது.

மருத்துவமனைகளுக்கு இணையதளம் செய்து தரும் நிறுவனம் அது. நோயாளிகள் அந்தத் தளத்தில் மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, நாளும் நேரமும் பதிவு செய்வார்கள். தளத்தில் எதை மாற்றினாலும் பழையதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதை நான்கு பேர் கையால் செய்துவந்தார்கள். அண்ணி எழுதிய சோதனைகள் அதையே தானாகச் செய்யும். பிரவுசரைத் திறந்து, நோயாளி மாதிரி பதிவு செய்து, சரிபார்த்து, மூடிவிடும்.

"தினம் நானூறு நோயாளியா நடிக்கிறேன். ஒருத்தருக்கும் குணமாகல" என்பார் அண்ணி.

அலுவலகம் முடியும் நேரத்தில் அந்த நானூறும் ஓடத் தொடங்கும். சில நாள் ஒழுங்காக முடியும். பல நாள் பாதி வழியில் மெமரி போதாமல் பிரவுசர் விழுந்துவிடும். அதற்குப் பின் வரும் சோதனைகள் எல்லாம் தோல்வி என்று சிவப்பில் நிற்கும். காலையில் மேலாளர் கண்ணில் படுவது அந்தச் சிவப்புதான்.

சோதனைகள் ஓடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அலுவலகத்தில் கருமி என்று பட்டப்பெயர். யாருக்கும் லேசில் மெமரி ஒதுக்க மாட்டார் என்பதால் வந்தது. அண்ணி அவரைத்தான் போய் நச்சரித்தார். போனில் அவர் குரல் மேசை முழுக்கக் கேட்கும்.

"உங்க பிரவுசருக்கு இருக்கிறது வயிறா, கிணறாம்மா? போன வாரம்தானே கொடுத்தேன்."

"இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கண்ணா."

"கொடுக்கிறேன். மேனேஜர் என்னையில்ல பிடிக்கிறார், ஒரு மெஷினைப் பாத்துக்கத் துப்பில்லையான்னு."

இரண்டு மடங்கு கொடுத்தார். பிரவுசர் கொஞ்சம் தாமதமாக விழுந்தது, அவ்வளவுதான். பக்கங்களில் படங்கள் வராமல் நிறுத்திப் பார்த்தார் அண்ணி. ஐம்பது சோதனைக்கு ஒருமுறை புது பிரவுசர் திறக்கும்படி மாற்றிப் பார்த்தார். புதிதாகத் திறந்ததற்குக்கூட மூச்சு முட்டியது. காரணம் பிடிபடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் சொல்லிவிட்டார். திங்கள் காலைக் கூட்டத்தில் ஒரு முடிவு. நம்ப முடியாத சோதனைகளை நிறுத்திவிட்டுப் பழையபடி கையாலேயே பார்க்கலாம். அதற்கு நான்கு பேர் இருக்கிறார்கள், ஐந்தாவது ஆள் தேவையில்லை.

அன்று சாப்பிடும்போது அண்ணன் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"மெமரி பத்தலைன்னா அம்மாகிட்ட கேளு. கல்யாணமான புதுசுல நீ சொன்னதை இன்னைக்கும் வரி பிசகாம சொல்லுவாங்க."

"அவ சொன்னது மட்டுமா? அதுக்கும் முந்தி நீ சொன்னதும் இருக்கு. எடுத்து விடட்டுமா?" என்றார் அம்மா.

அண்ணி சிரித்தார். ஆனால் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

ஞாயிறு மதியம் அண்ணன் மேசைக்கு வந்தான். "லேப்டாப்பைக் கொஞ்சம் கொடேன். போன்ல மேட்ச் பாத்தா பந்து எங்க இருக்குன்னே தெரியல."

"இருங்க, இதெல்லாம் மூடிட்டுத் தர்றேன்."

அண்ணி லேப்டாப்பில் சோதனைகளை ஓட்டிக்கொண்டிருந்தார். சரியாக முடிந்தவை தாமே மூடிக்கொண்டன. நடுவில் சிக்கியவை மட்டும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றை மூடினார். இன்னொன்றை மூடினார். மூன்றாவதில் கை நின்றது.

"என்ன, கொடுக்க மனசு வரலையா?"

"இதை நான் மூடுறேன். அங்க யாரு மூடுறா?"

"எங்க?"

"ஆபீஸ் மெஷின்ல."

"யாராவது மூடுவாங்க."

"அங்க ஆளே கிடையாதுங்க. அதுக்குத் திரையே கிடையாது."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணி தன் வசதிக்காக ஒரு வரி எழுதியிருந்தார். சோதனை தோற்றால் பிரவுசரை மூடாதே, எங்கே சிக்கியது என்று நான் பார்க்க வேண்டும், என்பது அதன் பொருள். வீட்டில் அப்படித்தான் பார்ப்பார், பார்த்ததும் மூடுவார். கை தானாகச் செய்த வேலை என்பதால் அதை ஒரு வேலையாகவே அவர் நினைத்ததில்லை. அந்த வரி மற்ற வரிகளோடு சேர்ந்து அலுவலக இயந்திரத்துக்கும் போய்விட்டது. அங்கே தோற்ற ஒவ்வொரு பிரவுசரும், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரியாமல், மெமரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மேசையில் இருந்தபடியே அலுவலக இயந்திரத்துக்குள் போய்ப் பார்த்தார். திறந்தபடி கிடந்த பிரவுசர்களின் வரிசை திரையைத் தாண்டி ஓடியது. எல்லாவற்றையும் மூடினார். தோற்றால் ஒரு படம் எடுத்துவிட்டு மூடு என்று வரியை மாற்றி, நானூறையும் ஓடவிட்டார். அண்ணன் போனிலேயே மேட்சைப் பார்த்து முடித்தான். பிரவுசர் ஒருமுறைகூட விழாமல் சோதனைகள் கடைசிவரை ஓடின.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவரோ போனை எடுத்துக் கருமியைக் கூப்பிட்டார்.

"அண்ணா, கோளாறு மெஷின்ல இல்ல. நான் எழுதினதுலதான். நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடுறேன்."

"சரி பண்ணிட்டீங்கல்ல? அப்ப சத்தமில்லாம விடுங்க. யார் தலை உருளும்னு பாத்துட்டு இருக்காங்க, நீங்களே எதுக்குத் தட்டுல வச்சு நீட்டுறீங்க?"

"உங்க தலைதான் இத்தனை நாளா உருளுது."

"அது பழகின தலைம்மா."

திங்கள் காலை அதே மேசையில், லேப்டாப் திரையில் கூட்டம் நடந்தது. சமையலறையில் அம்மா குழாயை மூடிவிட்டுப் பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி நடந்ததைச் சொன்னார், எதையும் குறைக்கவில்லை.

"ஆக, இவ்வளவு நாளா நாம மெஷினைத் திட்டிட்டு இருந்திருக்கோம்" என்றார் மேலாளர்.

"ஆமா சார். என்னைத் திட்டியிருக்கணும்."

"இப்ப சரியாயிடுச்சுன்னு எப்படி நம்புறது? இன்னும் பத்துப் பன்னிரண்டு சிவப்பு இருக்கே."

"அது நிஜச் சிவப்பு சார். எல்லாம் ஒரே இடம். தேதி எடுக்கிற காலண்டர்ல அடுத்த மாசத்தைத் தொட்டா, சில தடவை சுத்திட்டே நிக்குது. வீட்டுல பாத்தப்போ என் நெட்டு மெதுவுன்னு நினைச்சேன். ஆபீஸ்ல பிரவுசர் விழுந்த குழப்பத்துல இது வெளியிலயே தெரியல."

கையால் சோதிப்பவர்களில் ஒருவர் குறுக்கிட்டார். "நாங்க தினமும் பாக்குறோமே சார், ஒரு நாளும் சுத்தினதில்லை."

"நீங்க எந்தத் தேதி எடுப்பீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"அன்னைக்குத் தேதிதான். முதல்ல நிக்கிறது அதுதானே."

மேலாளர் தன் போனை எடுத்துத் தட்டுவது திரையில் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சுத்துது" என்றார். பிறகு, "இந்தச் சோதனைகள் இருக்கட்டும். ஆனா உங்களை நிரந்தரம் பண்றதை மூணு மாசம் தள்ளி வைக்கிறேன். நீங்க எழுதின அந்த வரி முன்னாடியே உங்க கண்ணுல பட்டிருக்கணும்."

"சரி சார்."

"சார், நான் கொடுத்த மெமரியைத் திருப்பி எடுத்துக்கலாமா?" என்றது கருமியின் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அம்மா ஈரக் கையோடு வந்தார். "வேலை இருக்கா, இல்லையா?"

"இருக்கு அத்தை. நிரந்தரம்தான் மூணு மாசம் தள்ளிப் போச்சு."

"பேசாம இருந்திருந்தா இன்னைக்கே ஆகியிருக்கும்" என்றான் அண்ணன்.

"ஆகியிருக்கும்" என்றார் அண்ணி.

"மூணு மாசம்தானே, விடு" என்று அம்மா அவனை அடக்கினார். அண்ணி அதற்குள் காலண்டர் பக்கத்தைத் திறந்து, அடுத்த மாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.