அக்கா வரையச் சொன்ன நாடு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் அங்கே கணக்கெழுதும் சின்னக் கிராணி. மலைச்சரிவுகளை வரைந்து, எந்தப் பக்கம் எப்போது கொழுந்து பறிப்பது என்று குறித்துவைக்க ஒரு மேப் புரோகிராமும் கூடவே வந்தது. கீபோர்டைத் தட்டத் தட்டத் திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து போகும். தோட்டத்து மேனேஜர் துரைக்கு அந்த ஆசை ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை.

நான் அதில் வரைந்தது என் அக்காவின் நாட்டை. கொழுந்து பறிக்கும்போது பொழுது போவதற்காக அவள் மனதுக்குள் ஒரு நாட்டைக் கட்டிவைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் பெரிய கிராணி கிளம்பிப் போனதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுவாள். துரைகூட அப்படி அதிகாரம் செய்ததில்லை.

“மலையெல்லாம் ஓரமா தள்ளுடா தம்பி. என் நாட்டுல கூடையத் தூக்கிக்கிட்டு யாரும் ஏறக் கூடாது.”

“மலை இல்லாம ஆறு எங்கேருந்து வரும்?”

“அது வரும்லா. நீ போடு.”

போட்டேன். ஆறு கடலில் தொடங்கி ஊருக்குள் வந்தது.

அக்காவுக்கு, அதே மலையில் இன்னொரு ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்தவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போகும்போது அந்த நாட்டைக் காகிதத்தில் கொண்டுபோக வேண்டும் என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்ட சீர் அது ஒன்றுதான். பிரிண்டருக்கு ரிப்பன் தீர்ந்து, மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை நாடு ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தராசு, லோரி, டைப்ரைட்டர் என்று கைபடும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். ஆபீசுக்குள் அக்காதான் வைத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து டிஸ்க்கில், உள்ளே சுற்றும் பழுப்புத் தகடு தெரியும்படி ஒரு திறப்பு இருக்கும். அதுதான் நெற்றி என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தபோது, குழைத்த சந்தனத்தை அங்கே தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மற்ற எந்தச் சாமானுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்ததே தவிர, நாடு வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவ்வளவு ஆசையாகச் செய்தவளை என்னவென்று திட்டுவது?

“திரும்பப் போட்டுக்கலாம்லா” என்றாள், முகம் சுண்டிப்போய்.

கல்யாண வேலையில் அவளுக்கு உட்கார நேரமில்லை. ஒரு சாயங்காலமாவது கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு ஞாபகத்தில் இருந்ததை வைத்து நானே வரைந்தேன். மறந்த இடங்களை என் இஷ்டத்துக்கு நிரப்பினேன். ஆறு மலையிலிருந்து இறங்கினால்தான் பார்க்க லட்சணமாக இருந்தது. நடுவில் ஒரு மலையை வைத்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு காய்கறி லோரியில் திரிங்காப்புக்குப் போனேன்.

அக்கா பூக்காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் காகிதத்தை மடியில் விரித்தாள். விரல் ஆற்றோடு போய் மலையடியில் நின்றது.

“நல்லாத்தான் போட்டிருக்க” என்றாள். பிறகு, புதிதாகக் குடிவந்தவள் போலத் தயங்கிக் கேட்டாள்: “இதுல எனக்கும் எங்கயாச்சும் ஒரு வீடு குடுப்பியாடா?”