அம்மா செருப்பைக் கழற்றிய லிப்ட்

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரான புதுக்குடியிருப்பில் லிப்ட் கிடையாது. ஏறுவதற்கு மாடி இருந்தால்தானே. அப்படியிருக்க, பழைய லிப்ட்டுகளை நினைத்து உருகுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் நான் உறுப்பினர் என்றால், என்னிடம் கணித ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் குழுவில் விசித்திரமான சனம் எல்லாம் உண்டு. ஒருவர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தத்தைப் பதிந்து போடுவார். இன்னொருவர், அழுத்தினால் உள்ளே போய் ‘டக்’ என்று நிற்கும் பொத்தானுக்காகப் பக்கம் பக்கமாக அழுவார். போன மாதம் யாரோ கொழும்பு எயாப்போட்டில் முன்பு எடுத்த நாற்பது வினாடி வீடியோப் படமொன்றைப் போட்டிருந்தார். வட்டப் பொத்தானில் செம்மஞ்சள் வெளிச்சம், கதவுக்கு மேலே ஒவ்வொன்றாக எரியும் இலக்கம், கூரையில் முனகும் சின்ன மின்விசிறி. நிற்கும்போது ஒற்றை மணி. அந்த மணியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கீழே மற்றவர்கள் மோட்டர் எந்தக் காலத்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஞாபகம் வந்ததோ அதன் வாசலில் கிடந்த மூன்று சோடிச் செருப்பு.

அப்போது எனக்கு ஏழு வயது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தோம். கல்வீடு கட்ட வேண்டும், அதற்கு அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தகரமே போதும், அம்மா இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன்.

கேட்காவிட்டால் என்ன, அம்மாவை மறிக்க என்னிடம் வழி இருந்தது. பயண அலுவலாக அவர் முதன்முதல் கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று, பஸ் தரிப்பிடத்தில் மண்ணில் விழுந்து உருண்டேன். தலைமயிரெல்லாம் மண். ஏறின பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கி வந்து என்னைத் தூக்கினார், பஸ் போய்விட்டது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து ஒளித்துப் போய் வந்தார். எயாப்போட்டுக்கு அப்படி ஒளித்துப் போக முடியாது, நானும் கூடத்தானே போகிறேன். அங்கே தரை பளிங்காம், உருள இன்னும் வசதி என்று வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருவர் வெளிநாடு போனால் பத்துப் பேர் வான் பிடித்து வழியனுப்பப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாங்குளத்தால் போனால் கிட்ட. ஆனால் தேங்காய் உடைக்காமல் என்ன பயணம் என்று முறிகண்டிப் பிள்ளையாரிடம் சுற்றிக்கொண்டு போனோம். அங்கே வாங்கிய கச்சான் கடலையை அம்மா வழி நெடுக உரித்து உரித்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மூன்று நாளாக அவரோடு கதைப்பதும் இல்லை. அப்படி ஒரு கொழுப்பு எனக்கு.

பயணிகள் உள்ளே போகும் வாசல் மேல் மாடியில் இருந்தது. மற்றவர்கள் படியால் ஏற, அம்மா, அப்பா, நான், மாமா நால்வரும் பெட்டியோடு லிப்ட் வாசலில் நின்றோம். மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஒரு வருடம் வேலை செய்தவர் என்பதால் உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. “இது சும்மா அறை இல்லை பிள்ளை. உள்ள போய்க் கதவு பூட்டித் திறந்தா வெளியில வேற இடம் இருக்கும்” என்றார். பெரிய புளுகு என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. மாமா பெட்டியை இழுத்துக்கொண்டு முதலில் நுழைந்தார். உள்ளே தரை மினுமினுத்தது. அம்மா வாசலில் தயங்கி நின்றார். பிறகு குனிந்து, பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அதைப் பார்த்து அப்பாவும் கழற்றினார். நானும் கழற்றினேன். இவ்வளவு துப்புரவான இடத்துக்குள் செருப்போடு போவதற்கு நாங்கள் என்ன மரியாதை தெரியாதவர்களா?

கதவு பூட்டியது. அடிவயிறு கூசியது. மணி அடித்துத் திறந்தால், ஐயோ, உண்மையாகவே வேறு இடம்! நான் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வர, மாமா எங்கள் கால்களைப் பார்த்தார்.

“அக்கா, இதென்ன கோயிலே? செருப்பெங்க?”

“கீழ விட்டிட்டன்ரா” என்று சொன்ன அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பா சிரித்தார். கோபம் மறந்து நானும் சிரித்துவிட்டேன். அம்மா என்னை இழுத்து உச்சியில் கொஞ்சினார். மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, “மாமாவோட போய் எடுத்துக்கொண்டு வா பிள்ளை. நீதானே கெட்டிக்காரி” என்றார்.

“அதுக்குள்ள போயிடமாட்டீங்கள்தானே?” மூன்று நாளைக்குப் பிறகு அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“செருப்பில்லாம எங்க போறது?”

அது எனக்கு நியாயமாகப் பட்டது.

கீழே மூன்று சோடியும் வைத்தபடியே இருந்தன. அம்மாவுடையதை நான் தூக்கிக்கொண்டேன். மேலே போனதும் மாமா தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். “நேரம் கிடக்கு. இன்னொருக்கா போவமோ? பொத்தானை நீ அமத்து” என்றார். நான் ஓம் என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன். விரல் பட்டதும் பொத்தான் எரிந்தது. நான் சொன்னதை ஓர் அறை கேட்டது. ஐந்து தரமோ ஆறு தரமோ ஏறி இறங்கினோம். கடைசித் தரம் மாமா ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே அப்பா வெறுங்காலோடு, வந்தவர்களை விட்டுத் தள்ளித் தனியாக நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் அம்மா இல்லை. உருள வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. “செருப்பு, அம்மான்ர செருப்பு” என்று கத்திக்கொண்டே நின்றேன்.

அந்தச் செருப்பு ஆறு வருடம் எங்கள் அலுமாரியில் இருந்தது. அம்மாவின் முதல் தொலைபேசி அழைப்பில் நான் கேட்டது, “காலுக்கு என்ன போட்டிருக்கிறீங்கள்?” என்று. நான் லிப்ட்டில் விளையாடப் போய் அம்மாவை வெறுங்காலோடு கடல் கடக்க வைத்துவிட்டேன் என்ற குற்றத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டிலோ அது பகிடிக் கதை. கொண்டாட்டம் என்று நாலு பேர் கூடினால் போதும், லிப்ட்டைக் கோயில் என்று நினைத்த அம்மாவின் கதை வந்துவிடும். திரும்பி வந்த பிறகும் அம்மா அதை ஒருநாளும் மறுக்கவில்லை. கூடவே சிரிப்பார்.

போன மாதம் அந்தப் படத்தை அவருக்குக் காட்டினேன். மணி அடித்தது.

“ஏஜென்சியில இருந்ததும் இப்பிடித்தான் அடிக்கும்” என்றார்.

“எந்த ஏஜென்சி?”

“கொழும்பில, என்னைக் குவைத்துக்கு அனுப்பினது. அஞ்சாம் மாடி. நாலு தரம் போனனான் எல்லே.”

“லிப்டிலயோ?”

“பின்ன, அஞ்சு மாடி ஏறுறதே?”

“செருப்போடயோ அம்மா?”

அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார். “தேத்தண்ணி ஆறுது, குடி” என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், “பிளேனுக்குள்ள கால் குளிர்ந்ததுதான். வேற ஒண்டுமில்லை” என்றார்.

இத்தனை வருடம் நான் கணக்குப் படிப்பிக்கிறேன். இந்தச் சின்னக் கணக்கு விளங்கவில்லை. நான் மறுபடி மண்ணில் விழுந்தால் தன்னால் போக முடியாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக ஊர் சிரிக்கும் பட்டிக்காட்டுப் பெண்ணாகத் தன்னை ஆக்கி, புதுச் செருப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த லிப்ட் எனக்குத் திரும்ப வேண்டும். கீழிருந்து மேலே போன அந்த முதல் தரம் மட்டும் போதும். நாங்கள் மூன்று பேர் வெறுங்காலோடு நிற்கிறோம், அடுத்து நடக்கப்போவது அம்மாவுக்கு மட்டும் தெரியும், அவருடைய கை என் தோளில் இருக்கிறது. அன்று நானோ பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.