அமோனியா உப்பும் காட்டுக்காரம்மாவின் மாடுகளும்

காங்கேயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கான்ஸ்டபிள் என் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைத் தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவருடைய முகம் போன போக்கு இன்னும் என் கண்முன் நிற்கிறது. உப்புக் காய்ச்சியவர்களைப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இது அமோனியா உரம், பயிருக்குப் போடுவது, நான் விவசாய இலாகாவின் ஆள் என்று காகிதத்தைக் காட்டினேன். மூன்று முறை துப்பிவிட்டுத்தான் போகச் சொன்னார். இன்று உர மூட்டை இல்லாத ஊர்க்கடையே கிடையாது. அன்று அதைச் சுமந்து திரிந்தவன் பாதி கள்ளன், பாதி கோமாளி.

எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை தற்காலிகம். மேய்ச்சல் காட்டில் சீமை உரம் போட்டுப் புல்லைச் செழிக்க வைத்துக் காட்டினால்தான் நிரந்தரம் என்று கோவையிலிருந்த மேலதிகாரி சொல்லியிருந்தார். பல பேரிடம் கேட்டு, கடைசியில் இடம் கொடுத்தவர் காட்டுக்காரம்மா ஒருவர்தான். கணவர் போன பிறகு இருபது மாடுகளையும் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காட்டையும் தனியாளாகப் பார்த்துவந்தவர். இடம் கொடுத்ததுகூட நம்பிக்கையால் அல்ல, என்னைத் தோற்கடித்துப் பார்க்கும் ஆசையால்.

“ஏனுங்க தம்பி, பாதிக்கு உங்க உப்பப் போடுங்க. மீதிக்கு நான் சாணி போடறேன். மழை ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் பேயும். பாத்துக்கலாமுங்க” என்றார்.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. இரண்டு பக்கமும் புல் எழுந்தது. என் பக்கம் கருகருவென்று எழுந்தது. பெருமை தாங்காமல் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டு, வேறு வேலையாகத் தாராபுரம் போனேன். நான் இல்லாத அந்தப் பத்து நாளில் காட்டுக்காரம்மா மாடுகளை உள்ளே விட்டுவிட்டார், அது எனக்குத் தெரியாது.

மேலதிகாரியோடு திரும்பி வந்தபோது என் பாதி தரையோடு தரையாகச் சிரைத்துக் கிடந்தது. சாணி போட்ட பாதியில் முழங்கால் உயரப் புல் காற்றில் ஆடியது.

“சாணிதான் ஜெயிச்சிருக்கு போல” என்று அதிகாரி நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

காட்டுக்காரம்மா சும்மா நின்றிருந்தாலே போதும், ஜெயித்திருப்பார். அவர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

“எழுதாதீங்க ஆபீசருங்க. செத்த நில்லுங்க” என்று சொல்லி வேலிப் படலைத் திறந்தார். வெளியே நின்ற இருபது மாடுகளும் ஓடிவந்தன. அதிகாரி நோட்டோடு ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டார். மாடுகள் உயரப் புல்லுக்குள் தலையைக்கூடத் தாழ்த்தாமல் நடந்து, மொட்டையாகக் கிடந்த என் பாதிக்குப் போய், மிச்சமிருந்த கட்டைப் புல்லைக் கரண்டத் தொடங்கின.

“நான் சாணிய மக்க வெக்காம பச்சையாவே போட்டுப்போட்டனுங்க. அந்த நாத்தத்துக்கு மாடு வாய் வெக்கல. தம்பி புல்லத்தான் மொளைக்க மொளைக்கத் தின்னுபோட்டுதுங்க.”

அதிகாரி பாறையில் நின்றபடியே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். தை மாதம் என் வேலை நிரந்தரமானது. மறு வருடம் காட்டுக்காரம்மா சாணியை மக்க வைக்கக் குழி வெட்டியிருந்தார். என்னிடம் அரை மூட்டை உப்பும் வாங்கிக்கொண்டார்.

பல வருடம் கழித்து, நானே ஒரு நோட்டோடு சுற்றும் அதிகாரியான பிறகு, அன்று எனக்காக ஏன் பேசினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“உங்களுக்காக இல்லீங்க தம்பி. சாணிப் புல்லுதான் ஒசத்தின்னு எழுதிப்போட்டா, என்ற மாட்டுக்கு ருசி தெரியாதுன்னு சர்க்கார் நோட்டுல ஏறிப்போடுமோன்னுதான்” என்றார்.