கடலில் போன கணக்குத்தாள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த காலம். நானும் ஆரையம்பதிச் சிநேகிதன் ஒருவனும் மட்டக்களப்புப் பட்டணத்தில், பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தோம். வினாத்தாள் சீமையிலிருந்து கப்பலில் வரும். எழுதிய விடைத்தாளும் கப்பலில்தான் சீமைக்குப் போகும். அப்படியொரு பரீட்சைக்கு இருவரும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம்.

அவன் ஆங்கிலத்தில் கெட்டிக்காரன். திரிகோண கணிதம்தான் வராது. சைன், கொஸ், டான் வரை சமாளிப்பான். அவற்றைத் தலைகீழாக்கி கோசெக், செக், கொட் என்று வந்ததும் குழம்பிவிடுவான். பெயரைப் பார்த்து ஏமாந்து, கோசெக்கை கொஸ்ஸின் தலைகீழ் என்றே எழுதுவான். அது சைனின் தலைகீழ் என்று எத்தனை தரம் சொன்னாலும் நிற்காது.

எனக்கோ அந்தக் கணக்குகளில்தான் ஆசை. இடப்பக்கம் பெரிய சிக்கலாக நிற்கும், வலப்பக்கம் சின்னதாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டவேண்டும். பழுகாமத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் நிரூபித்துப் பேசியதில்லை.

பரீட்சையில், டானையும் செக்கையும் கூட்டி ஒன்றைக் கழித்து, கீழே டானில் செக்கைக் கழித்து ஒன்றைக் கூட்டி, ஒரு கணக்கு வந்தது. மேலே நின்ற ஒன்று என்ற இலக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செக் வர்க்கம் கழித்தல் டான் வர்க்கம் என்று வைத்தேன். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, விடை தானாக வந்து நின்றது. வெளியே வந்தபோது அவன் தூணில் சாய்ந்து நின்றான். அந்தக் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதி எல்லாவற்றையும் அடித்துவிட்டானாம்.

மாதங்கள் போயின. ஒருநாள் தலைமையாசிரியர் அழைத்து, விடைத்தாள் கொண்டுபோன கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டது, எல்லோரும் மறுபடி எழுதவேண்டும் என்றார். என் விடையும் அதோடு போயிற்று. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"எனக்கு இது ரெண்டாம் உசிர், மச்சான். கொஞ்சம் இருந்து சொல்லித்தா," என்றான்.

சொல்லிக்கொடுத்தேன். ஒன்றுக்குப் பதில் எதை வைப்பது என்பதையும்.

அதற்குள் அண்ணன் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போய்விட்டார். வயல் வட்டையில் அறுவடைக்கு அப்பா தனியாக நின்றார். பரீட்சையும் அந்த நாட்களிலேயே வந்தது. எழுதிவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"நீதான் ஒருக்கா எழுதிட்டாயே, மனே. அது கடலுக்க போனதுக்கு நாம என்ன செய்யிற? வெள்ளாமையையும் கடலுக்க விடச் சொல்றியா? அண்ணன் வரட்டும், மறுகா பாப்பம்," என்றார்.

பரீட்சை நடந்தபோது நான் அறுத்த நெல்லை உப்பட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் சித்தியடைந்தான், கணிதத்தில் விசேட சித்தி. அதைச் சொல்ல வாவியைக் கடந்து தோணியில் வந்தான்.

"முந்தி வந்த அதே கணக்கு, மச்சான். கோணத்துக்குப் போட்ட எழுத்து மட்டும்தான் வேற," என்றான் சந்தோஷமாக.

நல்லது என்றேன். அம்மா அவனுக்கு எருமைத் தயிரோடு சோறு போட்டாள். பக்கத்தில் இருந்து நானும் சாப்பிட்டேன். பிறகு அவன் கொழும்பில் உத்தியோகத்துக்குப் போனான்.

யுத்தம் முடிந்துதான் அண்ணன் திரும்பினார். இனிப் போய் எழுது என்று அப்பா தாமாகவே சொன்னார். சில வாரம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியவில்லை. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார். வட்டையில் வேலை கிடக்கிறது என்றேன். அவருக்கு அது சரியான பதிலாகவே பட்டது.